அதிமதுரமும் வயிற்றுப் புண்ணும்

இருமலா, அதிமதுரம். தொண்டைக் கட்டா, அதிமதுரம். வயிற்றெரிச்சலா, அதற்கும் அதிமதுரம். நாட்டு மருந்துக் கடையில் அரையணாவுக்கு வாங்கிய காலம் போய் விட்டதே தவிர, அந்த மஞ்சள் வேர்த் துண்டின் மீது நமக்குள்ள நம்பிக்கை போகவில்லை. கச்சேரிக்குப் புறப்படும் பாடகர் அதை வாயில் அடக்கிக் கொள்கிறார். பாட்டி பேரனுக்கு இழைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறாள். பெயரிலேயே 'அதிக இனிப்பு' என்று சொல்லிக் கொண்டு வருகிற ஒன்றிடம் யாருக்குத்தான் பயம் வரும்? எட்டியையும் சேராங்கொட்டையையும் கண்டால் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். கசப்பும் காரமும் தாமே முன்கூட்டி அறிவித்து விடுகின்றன. இனிப்பு அறிவிப்பதில்லை.

இந்த வேர் நம் மண்ணில் விளைவதும் அல்ல. ஆப்கானிஸ்தானம், ஈரான், மத்திய ஆசியா முதலிய வறண்ட நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து, நம் வைத்தியத்தில் சொந்தக்காரன் போல் உட்கார்ந்து கொண்ட சரக்கு. நம் ஊர் வேலிகளில் படரும் குன்றிமணிக் கொடிக்கு வெள்ளைக்காரர்கள் 'இந்திய அதிமதுரம்' என்று பெயர் வைத்தார்கள். அதன் இலையும் வேரும் தித்திக்கும் என்பதே காரணம். அந்தக் கொடியின் விதையில்தான் கொடிய விஷம் இருக்கிறது. இனிப்பை வைத்துச் செடிக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்பதற்கு நம் வேலியிலேயே அத்தாட்சி இருக்கிறது.

கிரேக்கர்களுக்கும் இந்த வேர் பழக்கம். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ் இதைச் ஸித்தியர்களின் வேர் என்று குறிப்பிடுகிறார். அந்தக் குதிரை வீரர்கள் இந்த வேரையும் குதிரைப் பால் கட்டியையும் வைத்துக் கொண்டு பதினொரு நாள், பன்னிரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் காலம் தள்ளுவார்களாம். கேட்ட கதையைத்தான் அவர் எழுதி வைத்தார். ஆனால் பின்னால் நான் சொல்லப் போவதைப் படித்த பிறகு, உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வேரைப் பற்றி அப்படி ஒரு கதை கிளம்பியது வெறும் தற்செயல்தானா என்று வாசகர்களும் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேரைக் கொதிக்க வைத்து, சாற்றை வற்ற வைத்து, கருப்பான குச்சிகளாகவும் கட்டிகளாகவும் செய்தார்கள். மருந்துக் கடைக்காரர்களுக்கு அது ஒரு துணைச் சரக்கு. கசப்பு மருந்தின் கசப்பை மறைக்க வேண்டும், மாத்திரை உருட்டும்போது மாவு ஒட்ட வேண்டும் - அதற்காகச் சேர்ப்பது. கல்யாணத்தில் வாழையிலை எப்படியோ அப்படி. விருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இலையைப் பற்றிப் பேசுவதில்லை அல்லவா? ஹாலந்து தேசத்தில் மட்டும் அது இலையாக நிற்காமல் விருந்தாகவே ஆகி விட்டது. கருப்பு மிட்டாயாகச் செய்து, சில சமயம் உப்பும் சேர்த்து, குழந்தை முதல் கிழவர் வரையில் மென்று கொண்டே இருப்பது டச்சுக்காரர்களின் வழக்கம்.

அந்த ஹாலந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஹீரன்வேன் என்று ஓர் ஊர். யுத்தம் முடிந்து ஒரு வருஷங்கூட நிறையாத சமயம். அந்த ஊர் டாக்டர் ரெவர்ஸ் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உள்ளூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர் கலந்து விற்ற வயிற்று மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இரைப்பைப் புண் ஆறிக் கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் இரைப்பைப் புண் என்பது இன்று நாம் நினைப்பது போல் இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தீர்க்கிற சமாசாரம் அல்ல. மணிக்கொரு தரம் பால், மாதக் கணக்கில் படுக்கை, கஞ்சிப் பத்தியம், அதற்கும் மசியாவிட்டால் இரைப்பையில் ஒரு பாகத்தை அறுத்து எடுப்பது, இவ்வளவுதான் வைத்தியம். புண் ஓட்டையாகி உயிரைக் கொண்டு போனதும் உண்டு. ஆகவே கடைக்காரரின் மருந்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு நல்ல டாக்டரால் இருக்க முடியாது. பார்த்தார். அதில் பெரும் பங்கு அதிமதுரச் சாறு.

நாட்டு வைத்தியத்தைக் கண்டால் டாக்டர்கள் இரண்டு விதமாக நடந்து கொள்வதுதான் உலக வழக்கம். சிரித்து ஒதுக்குவார்கள்; அல்லது தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடுவார்கள். ரெவர்ஸ் இரண்டையும் செய்யவில்லை. தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1946-ல் டச்சு வைத்தியப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி. அதிமதுரச் சாற்றுக்கு இரைப்பைப் புண்ணை ஆற்றும் சக்தி உண்டா என்று கேட்டாரே ஒழிய, உண்டு என்று முரசு அடிக்கவில்லை. அந்தக் கேள்விக்குறிக்காகவே அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புண் ஆறியதை எழுதிய அதே கையால் அவர் வேறொன்றையும் எழுதினார். மருந்து சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின. தலைவலி வந்தது. சிலருக்கு மூச்சு வாங்கியது. அளவைக் குறைத்தால் வீக்கம் வடிந்தது. தாம் கண்டுபிடித்த மருந்தின் குறையைத் தாமே முதலில் சொல்வது எல்லோருக்கும் வருகிற குணம் அல்ல. 'யுத்த காலத்துச் சாப்பாடு, அதனால் வீக்கம்' என்று அவர் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 1946-ல் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் அப்படி எழுதாததால்தான் மேற்கொண்டு சொல்லக் கதை இருக்கிறது.

வீக்கத்தின் செய்தி ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டியது. அங்கே பேராசிரியர் போர்ஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் உடம்பின் உப்பு வரவு செலவை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். வயிற்றுப் புண்ணை அவர்கள் ஒருபுறம் ஒதுக்கி வைத்து விட்டு, வீக்கத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக் கொண்டார்கள். மளிகைக் கடைக் கணக்கை விட இது கண்டிப்பான கணக்கு. உள்ளே போன உப்பு எவ்வளவு, சிறுநீரில் வெளியே வந்தது எவ்வளவு, உடம்பின் எடை என்ன, ரத்த அழுத்தம் என்ன என்று அளந்தார்கள். 1950-ல் மோல்ஹைஸன் முதலியோர் பெயரில் 'லான்ஸெட்' பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. அதிமதுரச் சாறு சாப்பிட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கிவிடுகின்றன, பொட்டாஸியம் வெளியேறி விடுகிறது, எடை கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் செய்கிற அதே வேலையை இந்த வேர் செய்கிறது.

இந்த இடத்தில் கதை ஒரு விசித்திரமான திருப்பம் கொள்கிறது. அட்ரினல் சுரப்பி கெட்டுப் போனவர்களுக்கு வருகிற வியாதி ஒன்று உண்டு. லண்டன் டாக்டர் தாமஸ் அடிஸன் 1855-ல் அதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடம்பில் உப்பு நிற்காது, ரத்த அழுத்தம் விழுந்துவிடும், தோல் கறுக்கும், நோயாளி உப்புக்காக ஏங்குவான், நாளடைவில் சோர்ந்து மாய்ந்து போவான். அப்படியானால், வயிற்றுப் புண்காரனுக்குத் தொல்லையாக வந்த வீக்கம் இவனுக்கு வரப்பிரசாதம் ஆகாதா? ஆம்ஸ்டர்டாமிலேயே க்ரூன் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் அடிஸன் வியாதிக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு, 1951-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். ஒருவனுக்குப் பக்க விளைவாக இருப்பது இன்னொருவனுக்கு மருந்து!

ஆனால் போர்ஸ்டின் குழுவினர் ஒரு முள்ளைக் கண்டார்கள். அட்ரினல் அடியோடு போய்விட்ட நோயாளிக்கு அதிமதுரத்தைத் தனியாகக் கொடுத்தால் பலிக்கவில்லை. அதோடு கொஞ்சம் கார்ட்டிஸோன் சேர்த்துக் கொடுத்தால் உடனே வேலை செய்தது. 1953-ல் இதையும் பதிவு செய்தார்கள். வேர் தானே ஹார்மோனாக நடித்திருந்தால் துணைக்கு ஆள் எதற்கு? ஒருவருக்கும் விடை தெரியவில்லை. கேள்வி அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

இதற்கிடையில் லண்டனில் வேறொரு முயற்சி நடந்தது. வேரின் இனிப்புக்குக் காரணமான பொருளுக்கு கிளிஸிரைஸின் என்று பெயர். சர்க்கரையைப் போல் ஐம்பது மடங்கு தித்திப்பு என்பார்கள். குடலுக்குள் போனால் அங்கே வாழும் கிருமிகள் அதிலிருந்து சர்க்கரைப் பகுதியைக் கழற்றி, மிச்சத்தை கிளிஸிரெட்டினிக் அமிலமாக விட்டு விடுகின்றன. உடம்பில் ஏறுவது அதுதான். பயோரெக்ஸ் என்ற சிறு கம்பெனியார் அந்த அமிலத்தைச் சற்று மாற்றி, கார்பெனாக்ஸலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர் ரிச்சர்டு டால். புகையிலைக்கும் நுரையீரல் புற்று நோய்க்கும் உள்ள உறவை 1950-ல் வெளிப்படுத்தியவர்களில் ஒருவர். வயிற்றுப் புண்ணுக்கு அந்நாளில் புழங்கிய மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிஜ மருந்தையும் போலி மாத்திரையையும் பிரித்துக் கொடுத்து, எக்ஸ்ரே படத்தில் புண்ணின் பரப்பை அளந்து பார்ப்பது அவர் முறை. படுத்து ஓய்வெடுப்பதும் புகை பிடிப்பதை நிறுத்துவதும் பலன் தருகின்றன என்று கண்டிருந்தார். மற்றவை பெரும்பாலும் தேறவில்லை. அப்படிப்பட்ட கறாரான மனிதர் 1962-ல் இந்த அதிமதுர மருந்து இரைப்பைப் புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்று எழுதினார். ஹீரன்வேன் கடைக்காரரின் சரக்குக்கு லண்டனில் முத்திரை விழுந்து விட்டது.

முத்திரையோடு கூடப் பழைய வீக்கமும் வந்து சேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பலருக்கு, முக்கியமாக முதியவர்களுக்கு, கால் வீங்கியது. ரத்தக் கொதிப்பு ஏறியது. பொட்டாஸியம் குறைந்து தசை துவண்டது. பொட்டாஸியம் குறைந்தால் இருதயத்தின் தாளமும் தப்பும். வயிற்றைக் காப்பாற்றப் போய் இருதயத்தை ஆபத்தில் வைக்கலாமா?

டால் ஒரு யுக்தி செய்தார். ஸ்பிரனோலாக்டோன் என்று ஒரு மருந்து. உப்பைத் தேக்கும் ஹார்மோனுக்கு நேர் எதிரி. அதையும் சேர்த்துக் கொடுத்தால் வீக்கம் வராது, புண் மட்டும் ஆறும் என்று எதிர்பார்த்தார். 1968-ல் வந்த முடிவைப் படிக்கிறபோது சங்கடமாகவே இருக்கிறது. வீக்கம் நின்றது, புண் ஆறுவதும் நின்று போயிற்று. உப்பை வெளியேற்றும் வேறு வகை மாத்திரையைச் சேர்த்தால் புண் ஆறியது, வீக்கமும் வடிந்தது. ஆனால் ஏற்கெனவே குறைந்திருந்த பொட்டாஸியம் இன்னும் குறைந்தது. நெல்லிலிருந்து உமியைப் புடைப்பது போல் நன்மையையும் தீமையையும் எளிதில் பிரித்து விடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பரிசோதனையைப் படித்தால் போதும்.

வேறு சிலர், இனிப்புப் பொருளையே பெரும்பாலும் நீக்கி விட்டு எஞ்சிய சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வரவில்லை. பலன்? 1969-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் 33 பேரிடம் செய்த சோதனையில் புண் நன்றாகச் சுருங்கியது. 1978-ல் இங்கிலாந்தில் செய்த இன்னொரு சோதனையில் போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வழக்கில் இன்றும் தீர்ப்பு இல்லை. அந்த மாத்திரைகள் மட்டும் கடைகளில் விற்பனையாகிக் கொண்டுதான் இருக்கின்றன.

எப்படியும் அந்தப் பந்தயம் வேறு இடத்தில் முடிந்து விட்டது. 1976-ல் ஸிமெடிடின் வந்தது, அமிலம் சுரப்பதையே அடக்கியது, வீக்கமும் இல்லை. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பிடித்தார்கள். பெரும்பாலான புண்ணுக்கு அதுவே காரணம் என்று தெரிந்து, 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். கார்பெனாக்ஸலோன் மெல்ல மெல்ல அலமாரியின் பின் வரிசைக்குப் போயிற்று. வயிற்று வைத்தியத்தில் அதிமதுரத்தின் ராஜ்யம் ஏறக்குறைய இருபது வருஷந்தான்.

ஆனால் போர்ஸ்ட் கண்ட முள் இன்னும் எடுபடவில்லை அல்லவா? 1968-ல் அமெரிக்க டாக்டர் கான் அந்த முள்ளை இன்னும் ஆழமாக்கினார். அதிமதுர மிட்டாயை அளவின்றித் தின்று ரத்தக் கொதிப்போடு வந்தவரை ஆராய்ந்தார். உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் அவர் உடம்பில் மிகையாக இருக்க வேண்டும். பார்த்தால், வழக்கத்தை விடக் குறைவாக இருந்தது! திருடனைக் காணோம், திருட்டு மட்டும் நடந்திருக்கிறது.

விடை 1987-ல் எடின்பரோவிலிருந்து வந்தது. ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ் முதலியோர் ஆரோக்கியமானவர்களுக்கு அதிமதுரம் கொடுத்துச் சிறுநீரை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதை இப்படிச் சொல்லலாம். சிறுநீரகத்தில் ஒரு கதவு; அதன் பூட்டுக்கு ஆல்டோஸ்டிரோன் சாவி. ஆனால் ரத்தத்தில் அதைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக ஓடும் கார்ட்டிஸால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பூட்டுக்குச் சரியாகப் பொருந்தும். அது நுழையாமல் இருக்க வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறான். என்ஸைம் என்று பெயர். வருகிற கார்ட்டிஸாலை எல்லாம் பிடித்து, பூட்டுக்குப் பொருந்தாத கார்ட்டிஸோனாக மாற்றி அனுப்பி விடுவது அவன் வேலை. அதிமதுரம் அந்தக் காவல்காரனை மயக்கிப் போட்டு விடுகிறது. அவ்வளவுதான். வேர் எந்தக் கதவையும் திறப்பதில்லை.

இப்போது பழைய கணக்குகள் எல்லாம் நேராகின்றன. கான் பார்த்த நோயாளியிடம் ஆல்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. கதவை வேறொருவன் திறந்து விட்டதால் உடம்பு அதைச் சுரப்பதைக் குறைத்துக் கொண்டது. அடிஸன் வியாதிக்காரனிடம் கார்ட்டிஸாலே இல்லை. காவல்காரன் தூங்கினாலும் நுழைய ஆள் இல்லை. கார்ட்டிஸோன் மாத்திரை கொடுத்தால் கல்லீரல் அதைக் கார்ட்டிஸாலாக மாற்றிவிடும். ஆள் வந்து சேர்ந்து விட்டான். 1953-ன் புதிருக்கு விடை 34 வருஷங்கள் கழித்துக் கிடைத்தது. இரைப்பையில் புண் ஆறியதற்கும் இதைப் போன்ற ஒரு காரணத்தைச் சொல்கிறார்கள். இரைப்பைச் சுவரைக் காக்கும் பிராஸ்டகிளாண்டின் என்ற பொருளை அழிக்கும் மற்றொரு என்ஸைமையும் இந்த அமிலம் தடுக்கிறது. அந்த இரண்டு என்ஸைம்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? வைத்தியர் வீட்டுத் திண்ணையிலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். அதை நேரே கேட்டு விடை கண்டவர்களும் டச்சுக்காரர்களே. மிட்டாய் தின்கிறவர்கள் அவர்கள் அல்லவா? அவர்களுடைய பொதுச் சுகாதார நிலையத்தார் ஆரோக்கியமான பெண்களுக்கு வேரின் இனிப்புப் பொருளைச் சுத்தமாகப் பிரித்து, எட்டு வாரம் வரை வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை கெடுதல் தெரியவில்லை. 4 மில்லிகிராமில் தெரிந்தது. மனிதருக்கு மனிதர் உடம்பு வேறுபடும் என்பதற்காக 2-ஐப் பத்தால் வகுத்து, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று 2000-ம் ஆண்டில் எழுதினார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம். ஐரோப்பிய நிபுணர் குழு 1991-ல் இதை விடத் தாராளமாக 100 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருந்தது; 2003-லும் அதை மாற்றவில்லை. ஒரே வேருக்கு இரண்டு எல்லைக் கோடுகள்! 2001-ல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தினம் 50 கிராம் மிட்டாயை இரண்டே வாரம் தின்றவர்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்டார்கள். அளவு கூடக் கூட அழுத்தமும் கூடியது.

2020-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவரின் மரணம் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. வயது 54. பழச்சுவை மிட்டாய் தின்று கொண்டிருந்தவர், மூன்று வாரத்துக்கு முன் கருப்பு அதிமதுர மிட்டாய்க்கு மாறினார். தினம் ஒன்றரைப் பை. பொட்டாஸியம் அடியோடு குறைந்து, ஓட்டலில் உட்கார்ந்திருந்தவரின் இருதயம் நின்று போயிற்று.

ஐரோப்பாவில் இனிப்புப் பொருள் மிகுதியாக உள்ள மிட்டாய்ப் பொட்டலங்களின் மேல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை அதிகமாகத் தின்ன வேண்டாம் என்று அச்சடிக்க வேண்டும் என 2004-ல் சட்டம் போட்டார்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அந்த எச்சரிக்கைக்குரிய அளவு. வேரிலோ, அந்தப் பொருள் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் பத்துப் பங்கு வரையிலும் கூட இருக்கும். விளைந்த மண்ணைப் பொறுத்தது. கடைக்காரர் அதை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். காகிதம் பழைய தினசரி; அதில் அச்சடித்திருப்பது சினிமாச் செய்தி.